கூட்டாளிகள் பட்டியலில் விட்டுப்போனவர்கள்

பி.காம் படிக்கிறவனுக்கு டி.பி.யைப் பத்தி என்ன தெரியும்னு கேட்காதீங்க. போன வருஷம் வரைக்கும் எனக்கும் ஒண்ணும் தெரியாது.

வளையமாதேவியில் எங்க சித்தப்பாவுக்கு ரெண்டு மாசமாக இருமல். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. வீட்டில் இருந்தபடியே ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டால் போதும் என்றார்கள். "எங்கேயாவது ஆஸ்பத்திரியில் சேர்த்துடலாம்பா" என்று அப்பாவிடம் முதலில் சொன்னது நான்தான். அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்ததும் நான்தான். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. பாயை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

'வீட்டிலேயே போதும்' என்று யார்தான் முடிவு செய்தார்கள்? தேடிப் படித்தேன். பதில் நம்ம சென்னையில் இருந்தது!

1956-ல் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் என நான்கு கூட்டாளிகள். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் ஓய்வும் நல்ல சாப்பாடும் அவசியம் என்று நினைத்தார்கள். ஆனால் இங்கே நோயாளிகளுக்குப் போதுமான படுக்கைகள் இல்லை. அதனால் 193 ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப்பேரை சானடோரியத்திலும் மீதிப்பேரை அவரவர் வீட்டிலும் வைத்து, இரு தரப்புக்கும் ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தார்கள்.

1959-ல் முடிவு வெளிவந்தது. நெரிசலான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்கள் வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவில்லை என்பதும் தொடர்ந்த கண்காணிப்பில் தெரிந்தது. அதன்பின் உலகமே வீட்டு சிகிச்சைக்கு மாறத் தொடங்கியது, பணக்கார நாடுகளும்கூட.

எங்க வகுப்பில் கூட்டாண்மைச் சட்டம், 1932 நடத்தும்போது சொல்வார்கள்: ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால் இலாபம் எல்லாக் கூட்டாளிக்கும் சமம். சேத்துப்பட்டில் பணமும் மருந்தும் படிப்பும் கொண்டுவந்தவர்களின் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. தங்கள் நுரையீரலையே முதலாகப் போட்ட அந்த 193 பேர் பெயர் எந்த முதல் கணக்கிலும் இல்லை. பணக்கார நாடும் ஏழை நாடும் சேர்ந்து ஆய்வு என்று இனி எங்கே படித்தாலும், நோயாளிக்கு அதில் என்ன பங்கு என்றுதான் முதலில் பார்ப்பேன். சென்னை ஆய்வில் அந்தப் பங்கு கிடைத்தது. அறுபது வருஷம் கழித்து எங்க திண்ணை வரைக்கும் வந்தது.

அன்று ராத்திரி சித்தப்பாவின் தட்டை மற்ற தட்டுகளோடு சேர்த்து வைத்தேன். "உள்ளே வந்து சாப்பிடுங்க சித்தப்பா" என்று கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

ஆறு மாசம் முடிந்தது. இப்போது நல்லா இருக்கார்.