அப்பாவின் பல்செட்

பல் மருத்துவக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். பல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பத்திரிகைகளைப் பிரித்து, முத்திரை குத்தி, வருடக் கடைசியில் பைண்டிங்குக்கு அனுப்பும்போது மேய்ந்ததுதான்.

பல் மருத்துவத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதற்கென்றே தனிப் பத்திரிகைகள் உண்டு. 'ஜர்னல் ஆஃப் டென்டல் எஜுகேஷன்' 1936-ல் அமெரிக்காவில் தொடங்கியது. ஐரோப்பாக்காரர்கள் 1997-ல் தங்களுக்கென்று ஒன்று ஆரம்பித்தார்கள். நம் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920-ல் கல்கத்தாவில் தொடங்கிய டாக்டர் ரஃபியுதீன் அகமது, 1925-லேயே பல் மருத்துவத்துக்கு ஒரு பத்திரிகையும் கொண்டுவந்துவிட்டார்.

இந்தக் கட்டுரைகளிலும் காலத்துக்கு ஒரு மோஸ்தர் உண்டு. ஒரு காலத்தில் என்ன பாடம், எத்தனை வருடம் என்ற விவாதம். பிறகு, ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து மாணவர்களையே விடை தேடவைக்கும் முறை. அப்புறம் 'ஓஸ்கி' என்று, மணி அடிக்க அடிக்க மேஜை மாறி எழுந்து ஓடும் தேர்வு. அதற்குப் பின் கம்ப்யூட்டர் பொம்மை வாய். நான் ஓய்வு பெற்ற 2021-ல் எங்கு திரும்பினாலும் ஆன்லைன் வகுப்பு.

மோஸ்தர் மாறினாலும் அச்சு ஒன்றுதான். ஒரு கல்லூரி, நூறு சொச்சம் மாணவர்கள், ஒரு கேள்வித்தாள். வகுப்பு பிடித்திருந்ததா? தன்னம்பிக்கை வந்ததா? மார்க் கூடியதா? அவர்களுக்கு வாயைத் திறந்து காட்டிய நோயாளி இரண்டு வருடம் கழித்து எப்படி இருக்கிறார் என்று கேட்ட கட்டுரை என் கண்ணில் பட்டது மிக அபூர்வம்.

இது என்னை ஏன் உறுத்துகிறது என்று சொல்கிறேன்.

1998-ல் ஒரு கடைசி வருட மாணவன் வந்து, "சார், முழு பல்செட் கேஸ் ஒண்ணு குறையுது. தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்றான். ஒவ்வொருவரும் இத்தனை பல் பிடுங்க வேண்டும், இத்தனை பல்செட் செய்ய வேண்டும் என்று கோட்டா உண்டு. என் அப்பாவை அனுப்பினேன். ஆறு தடவை பஸ் ஏறி வந்தார். பையன் தங்கமானவன். அளவெடுக்கும்போது, "வலிக்குதா தாத்தா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். செட் மாட்டிய அன்று பேராசிரியர் பார்த்தார், தலையசைத்தார், கையெழுத்துப் போட்டார். கோட்டா முடிந்தது. எனக்கு அரைக்கிலோ மைசூர்பாகு வந்தது.

மூன்றே வாரம். பல்செட் டம்ளர் தண்ணீருக்குப் போனது. அப்பா பழையபடி முறுக்கைக் காப்பியில் ஊறவைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். ஈறில் உறுத்தியிருக்க வேண்டும். கொஞ்சம் தேய்த்துக் கொடுத்திருந்தால் சரியாகியிருக்கும். அந்தப் பையனும் பாஸாகிப் போய்விட்டான். அவன் கணக்கில் அது வெற்றிகரமான கேஸ். நாலு வருடம் கழித்து அப்பா காலமானபோது, பழைய வேட்டித் துணியில் சுற்றிய பல்செட் பெட்டிக்குள் இருந்தது. புதுசு மாதிரியே இருந்தது.

பின்னாளில், ஆய்வுக்குத் தலைப்பு தேடி வந்த ஒரு முதுநிலை மாணவியிடம் இதைச் சொன்னேன். "பழைய ரிஜிஸ்தரில் விலாசம் இருக்கிறதே அம்மா, போய்க் கேட்டால் என்ன?" என்றேன். அவள் சிரித்தாள். "மூணு வருஷப் படிப்பு சார். அதுக்குள்ள தீசிஸ் முடிக்கணும். கிளாஸ்ல கேள்வித்தாள் கொடுத்தா ஒரே நாள்ல நூறு பேர் கிடைச்சிடுவாங்க. ஊர் ஊரா அலைஞ்சா பத்துப் பேர் கிடைப்பாங்களா?"

அவள் சொன்னதும் நியாயம்தான். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தினமும் அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு, "ஏம்ப்பா போட்டுக்கலை?" என்று நானே ஒரு நாளும் கேட்கவில்லை. என் மூலமாக வந்த பையன், சொன்னால் எனக்குச் சங்கடம் என்று அவரும் வாய் திறக்கவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலரிடம் பல்செட் இருக்கும். அது டம்ளரில் இருந்தால், செய்துகொடுத்த இடத்துக்கே எடுத்துப்போய், எங்கே உறுத்துகிறது என்று காட்டுங்கள். சரிசெய்து தருவார்கள். அந்த மாணவனுக்கும் புத்தகத்தில் இல்லாத பாடம் ஒன்று கிடைக்கும்.