தூங்கவும் தெரிய வேண்டும்

பெரும்பாலான நேரம் கம்ப்யூட்டரின் பிராசஸர் சும்மாதான் இருக்கிறது. அதை ஒழுங்காகச் சும்மா இருக்க வைப்பதுதான் கெர்னல் எழுதுபவர்களுக்குத் தலைவலி.

வேலை இல்லையென்றால் தூங்க வேண்டியதுதானே? தூக்கத்திலும் படிகள் உண்டு. சி1 என்பது கோழித் தூக்கம், உடனே விழித்துக்கொள்ளும். சி6 ஆழ்ந்த உறக்கம். மின்சாரச் செலவு வெகுவாகக் குறையும். ஆனால் எழுப்ப நேரமும் சக்தியும் கூடுதலாகத் தேவை. சற்று நேரத்தில் வேலை வருமென்றால் ஆழ்ந்து தூங்குவது நஷ்டம். எனவே கெர்னல் ஜோசியம் பார்க்கிறது. லினக்ஸில் 2008 முதல் இதற்கென்றே ‘சிபியூஐடில்’ என்ற பகுதி இருக்கிறது.

ஜோசியம் பொய்த்தால் கொஞ்சம் மின்சாரமோ நேரமோ வீண், அவ்வளவுதான். பெரிய ஆபத்து வேறு. வேலை இல்லை என்று பார்த்த பிறகு, கண் மூடுவதற்குள் ஒரு இன்டரப்ட் வந்து வேலையை வைத்துவிட்டுப் போனால்? பிராசஸர் அறியாமல் தூங்கிவிடும். அடுத்த இன்டரப்ட் வரும்வரை அந்த வேலை கிடப்பில்தான்.

பரிகாரம்: முதலில் இன்டரப்ட்களைத் தடுத்துவிட்டு, அப்புறம் கடைசியாக ஒருமுறை பார்ப்பது. இன்டெல் சிப்களில் ‘எஸ்டிஐ’ என்ற ஆணை கதவைத் திறக்கும். ஆனால் அடுத்த ஆணையைத் தாண்டும்வரை யாரும் நுழைய முடியாது. அந்த அடுத்த ஆணை, தூங்க வைக்கும் ‘எச்எல்டி’யாகவே இருக்க வேண்டும். பிறகு வரும் இன்டரப்ட் தூக்கத்தைக் கலைத்துவிடும்.

நடுவில் வேறெதையாவது நுழைத்தால் பாதுகாப்பு போய்விடும். பிழையும் தினமும் தெரியாது. எப்போதாவது கம்ப்யூட்டர் காரணமின்றித் தயங்கும். பழி வேறு எதன் மீதாவது விழும்.