கூடு இல்லாத கீஷ்

பிரான்சு நாட்டின் வடகிழக்கில் லொரேன் என்றொரு நிலப்பகுதி இருக்கிறது. பிரான்சுக்கும் செருமனிக்கும் இடையே கைமாறிக் கைமாறி அலைக்கழிந்த மண் அது. அதன் பெருநகரங்களுள் ஒன்றாகிய மெட்ஸ், 1871ஆம் ஆண்டு முதல் 1918ஆம் ஆண்டு வரை செருமானியப் பேரரசின் கீழ் இருந்தது. கீஷ் என்னும் உணவின் தாயகம் இந்த லொரேன்தான். பெயரிலும் அந்த எல்லைப்புற வாழ்வின் தடம் உண்டு. அப்பத்தையும் கேக்கையும் குறிக்கும் 'குஹென்' என்ற செருமானியச் சொல்லே உருமாறிக் 'கீஷ்' ஆயிற்று என்பர். உணவிலேயும் பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. தாழ்வான வட்டத் தட்டில் மாவை மெல்லியதாய் விரித்து, ஓரங்களை உயர்த்திக் கூடுபோல் அமைக்கிறார்கள். முட்டையும் பாலேடும் அடித்துக் கலந்த கலவையை அதில் ஊற்றுகிறார்கள். உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டுகள் சிலவற்றை இட்டுச் சூளையில் சுட்டெடுக்கிறார்கள். முற்காலத்தில் ரொட்டிக்குப் பிசைந்த மாவின் மிச்சமே அந்தக் கூட்டுக்கு உதவியதாம். அந்த முட்டைக் கலவைக்கு அவ்வூரார் 'மிகேன்' என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். பாலாடைக்கட்டி சேர்த்தால் அது லொரேன் கீஷ் ஆகாது, வெங்காயம் சேர்த்தால் அல்சாசுக்காரர் சமையலாகிவிடும் என்று வாதிடும் முதியவர்கள் அங்கே இன்றும் உண்டு. இட்லிக்கு உளுந்து எத்தனை பங்கு என்று வாதிடும் நமக்கு இது விளங்காததன்று.

அந்தக் கூட்டை நீக்கிவிட்டு, இறைச்சிக்குப் பதில் காய்கறிகளை இட்டுச் செய்வதே நாம் இங்கே பேசப்போகும் கீஷ். வேலை குறைவு என்பதற்காகப் பிரெஞ்சுக் குடும்பங்களில் இதைப் பெரிதும் செய்கிறார்கள். மாவு பிசைந்து, ஊறவைத்து, தேய்த்து விரிக்கும் பாடு இதில் இல்லை. ஆயின் எங்கள் வீட்டுக்கு இது வந்த வழி வேறு.

எங்கள் பெரியம்மா முப்பதாண்டுகளுக்கும் மேலாக மெட்ஸ் நகரில் வாழ்ந்தவர். புதுச்சேரியின் பழைய வரலாறு அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிராது. 1954 நவம்பர் முதல் நாளில் ஆட்சி கைமாறினாலும், சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16 அன்றுதான் நிறைவேறியது. அதன்பின் பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பியோர் அதைத் தேர்ந்துகொள்ள ஆறு திங்கள் அவகாசம் தரப்பட்டது. அவ்வாறு தேர்ந்தவர்களுள் பெரியப்பாவும் ஒருவர். பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர். மெட்சோ படைவீடுகள் நிறைந்த ஊர். பனியும் குளிரும் பழகாத புதுச்சேரிப் பெண்ணொருத்தி அங்கே அண்டைவீட்டு மூதாட்டியிடம் கீஷ் செய்யக் கற்றுக்கொண்டாள். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி விலக்கு என்பதால் வெள்ளை லீக்ஸ் தண்டுகளை மட்டும் வதக்கியிட்டுச் செய்வாராம். காய்கறிக் கீஷ் அப்படித்தான் அவர் கைக்கு வந்தது.

பெரியப்பா மறைந்தபின் ஊர் திரும்பிய பெரியம்மா எங்களோடு இருக்கிறார். 2022ஆம் ஆண்டு, எண்பது வயதில், அவரைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் ஓரளவு மீண்டன. வாயின் இடப்பக்கமும் தொண்டையும் முழுமையாக மீளவில்லை. விழுங்குதலைச் சோதித்த சிகிச்சையாளர் எங்களுக்குத் தெளிவாகவே சொன்னார்: உணவு மென்மையாக இருக்கவேண்டும், ஈரமாக இருக்கவேண்டும், வாயில் உதிரக்கூடாது. உதிரும் துகள்கள் மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் நுரையீரலில் சளிக்காய்ச்சல் காணும். முதியவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. வெறும் தண்ணீரைக்கூடச் சற்றே கெட்டியாக்கித்தான் கொடுத்தோம்.

ஆகவே எல்லாவற்றையும் மசித்தோம். சோற்றை மசித்தோம், பருப்பை மசித்தோம், காய்களை மசித்து அதே கிண்ணத்தில் சேர்த்தோம். மூன்றாம் வாரம் பெரியம்மா வாயை மூடிக்கொண்டார். கரண்டியை நீட்டினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். இரண்டு மாதத்தில் ஆறு கிலோ எடை இறங்கிற்று. மூக்கு வழியே குழாய் வைப்பது பற்றி மருத்துவர் பேசத் தொடங்கிய நாளில், குழறிய நாவால் அவர் எங்களிடம் சொன்னது இதுதான்: "நான் என்ன பச்சப் புள்ளையா? தட்டுல இருக்கறது என்னன்னு எனக்குத் தெரிய வேணாமா? கத்தியால வெட்டி, முள்கரண்டியால எடுத்துச் சாப்புடற மாதிரி ஏதாவது குடுங்க."

மென்மையாகவும் இருக்கவேண்டும், வடிவோடும் இருக்கவேண்டும். நம் சமையலில் இதற்கு இட்லி இருக்கிறதே என்று தோன்றும். இட்லி வாயில் ஒட்டும், சிலருக்கு உருண்டையாய்த் திரண்டு தொண்டையில் நிற்கும் என்று சிகிச்சையாளர் தடுத்துவிட்டார். இடியாப்பம் இழையிழையாய்ப் பிரியும். கீஷைச் சொன்னவர் பெரியம்மாவே. கூடு உதிரும், ஆகவே கூடு வேண்டாம் என்பதையும் அவரே சொன்னார். 'கீஷ் சான் பாத்', அதாவது மாவில்லாத கீஷ். சிகிச்சையாளரிடம் ஒரு துண்டைக் கொண்டுபோய்க் காட்டினோம். முள்கரண்டியால் அழுத்திப் பார்த்தார்; நசுங்கியது, உதிரவில்லை. தம் எதிரிலேயே பெரியம்மாவுக்கு ஊட்டிப் பார்த்தபின்தான் ஒப்புதல் தந்தார். (இதைப் படிப்போர் வீட்டில் விழுங்க இடர்ப்படுவோர் இருப்பின், அவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்டே தொடங்கவேண்டும். ஒருவர் தொண்டைக்குப் பொருந்துவது மற்றொருவருக்குப் பொருந்தாது.)

செய்முறை எளிது. நான்கு முட்டைகள், 200 மில்லி பால், 100 மில்லி பாலேடு, துருவிய பாலாடைக்கட்டி 60 கிராம், ஒரு மேசைக்கரண்டி சோளமாவு, நறுக்கிய காய்கறிகள் 400 கிராம். மிளகுத்தூள் சிறிது, சாதிக்காயை இரண்டு உரசல். பாலாடைக்கட்டியிலேயே உப்பு இருப்பதால் தனியே இடும் உப்பு ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். இரத்த அழுத்தம் உள்ளவர்க்கு அதையும் விட்டுவிடலாம். ஒரு முட்டையில் ஏறத்தாழ ஆறு கிராம் புரதம் இருக்கிறது. பாலும் பாலாடைக்கட்டியும் அதனோடு சேர, ஒவ்வொரு துண்டும் நோயாளிக்கு வலுவூட்டுகிறது.

ஆனால் எளிது என்று சொல்லிவிட்டுப் போகமுடியாத இடம் ஒன்று இருக்கிறது. அது தண்ணீர்.

மாவுக்கூடு வெறும் தாங்கி அன்று. காய்கள் வேகும்போது கசியும் நீரை அது உறிஞ்சிக்கொள்கிறது. அடிப்பாகம் சற்றே நமுத்தாலும் மேலே இருப்பது கட்டுக்குலையாமல் நிற்கிறது. கூட்டை எடுத்துவிட்டால் அந்த நீருக்குப் போக்கிடம் இல்லை. துண்டு போட்டவுடன் தட்டில் குளம்போல் தேங்கும். மற்றவர்களுக்கு அது அழகுக்குறை, அவ்வளவே. எங்கள் பெரியம்மாவுக்கோ அது ஆபத்து. திடமும் நீரும் ஒரே வாயில் சேர்ந்து வரும்போது, நாக்கு திடத்தைக் கையாண்டுகொண்டிருக்க, நீர் முந்திக்கொண்டு தொண்டைக்குள் ஓடிவிடும். விழுங்கும் தசை தளர்ந்தவர்களுக்கு இப்படிப்பட்ட கலப்பு உணவால் எளிதில் புரையேறும். எனவே காயின் நீரைப் போக்குவதே எங்கள் அடுக்களையில் தலையாய வேலையாயிற்று.

பெரியம்மா நாற்காலியில் அமர்ந்தபடி ஆணையிடுவார். சுரைக்காயைத் தோலும் விதையும் நீக்கித் துருவி, உப்பைத் தூவி, இருபது நிமிடம் சல்லடையில் வைக்கவேண்டும். பின் மெல்லிய துணியில் கட்டிப் பிழியவேண்டும். அரைக் கிண்ணம் தண்ணீர் வடிவதைக் கண்ணால் பார்க்கும்வரை இதன் அருமை விளங்காது. உப்பைக் குறைக்கவேண்டியிருந்தால், பிழியுமுன் ஒருமுறை குளிர்ந்த நீரில் அலசிவிடலாம். கீரையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, உள்ளங்கையில் உருட்டிப் பிழிந்து, பொடியாக அரியவேண்டும். தண்டு ஒன்றுகூடச் சேரலாகாது. காளான் தன் நீரைத் தானே விட்டுத் தானே வற்றும்வரை அகன்ற வாணலியில் கிடக்கவேண்டும். வாணலியில் காயைக் குவித்தால் வதங்காது, வெந்துபோகும் என்பார். அதனால் இரண்டு தடவையாக வதக்குவோம். கேரட்டைத் தனியே குழைய வேகவைத்துக்கொள்வோம். குடைமிளகாயின் தோல் வாயில் சுருண்டு நிற்பதால் அதை ஒதுக்கிவிட்டோம். நார் உரியும் அவரையும் பீன்சும் அவ்வாறே. லீக்ஸ் எப்போதாவது குபேர் அங்காடிக்கு வரும். வந்த நாளில் எங்கள் வீட்டில் விழாதான். கிடைக்காத நாளில் சின்ன வெங்காயத்தை வெண்ணெயில், சிவக்கவிடாமல், அரைமணி நேரம் சிறுதீயில் வதக்குவோம். அந்த இனிப்பு லீக்சின் இனிப்புக்கு அண்மையில் வருகிறது என்று பெரியம்மாவே சான்று தந்திருக்கிறார்.

நானூறு கிராம் காய் இவ்வாறு வற்றி இருநூற்றைம்பது ஆகும். நன்றாக ஆறியபின்பே முட்டைக் கலவையில் சேர்க்கவேண்டும்.

அடுத்தது சூடு. பாலோடு கலந்த முட்டை 80 டிகிரியை ஒட்டி உறைகிறது. அதற்குமேல் சூடு அதிகம் ஏறினால், உறைந்த புரதம் இறுகித் தன்னுள் இருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். காயில் போக்கிய தண்ணீரை முட்டையே திரும்பக் கொண்டுவந்துவிடும்! எனவே வெண்ணெய் தடவிய பாத்திரத்தைக் கொதிநீர் ஊற்றிய பெரிய தட்டுக்குள் வைத்து, 160 டிகிரியில் முக்கால் மணி நேரம் மின்சூளையில் வைக்கிறோம். தண்ணீர் சூழ்ந்திருப்பதால் ஓரங்கள் கருகாமலும் இறுகாமலும் இருக்கின்றன. நடுப்பகுதி லேசாக அசையும்போதே வெளியே எடுத்துவிடவேண்டும். மிச்சச் சூட்டிலேயே அது உறைந்துகொள்ளும். கால் மணி நேரம் ஆறாமல் கத்தி வைக்கக் கூடாது. வீட்டில் எல்லோரும் பற்களோடு இருப்பவர்கள் என்றால் இத்தனை கவனம் தேவையில்லை. 180 டிகிரியில் முப்பத்தைந்து நிமிடம், மேலே பொன்னிறமாய்ச் சிவக்க, தாராளமாகச் சுடலாம்.

மின்சூளை இல்லாதோர் இட்லிப் பானையிலும் செய்யலாம். பாத்திரத்தின்மேல் ஒரு தட்டு மூடி, ஆவிநீர் சொட்டாதபடி பார்த்துக்கொண்டு, சிறுதீயில் அரைமணி நேரம் அவித்தால் போதும். மின்தடை நாளொன்றில் நாங்கள் அவ்வாறு செய்தோம். விழுங்குவதற்கு அதுவே மிக மென்மையாக இருந்தது. பெரியம்மா இரண்டு வாய் உண்டுவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா இது கீஷ் இல்ல, முட்டை இட்லி" என்று தீர்ப்பளித்தார்.

பாலாடைக்கட்டி பற்றி ஒரு சொல். பிட்சாவில் இடுகிறார்களே, இழுத்தால் கயிறுபோல் நீளும் வகை, அது இங்கே உதவாது. அந்த இழை தொண்டையில் பாதியும் வாயில் பாதியுமாய் நிற்கும். கடைகளில் கிடைக்கும் கெட்டியான செடார் வகையை மிகப் பொடியாகத் துருவிக் கலவையோடு அடித்துவிடுகிறோம். லொரேன் முதியவர்கள் மன்னிப்பார்களாக.

சூளையிலிருந்து எடுத்த வட்டத்தை எட்டாகப் பகுத்தால், ஒவ்வொரு துண்டின் வெட்டுமுகத்திலும் கேரட்டின் செம்மையும் கீரையின் பசுமையும் தனித்தனியே தெரிகின்றன. மசித்த கிண்ணத்தில் இல்லாமற்போனது இதுவே. பெரியம்மாவின் மெட்ஸ் தட்டுகளில் உடையாமல் எஞ்சியவை மூன்று. அவற்றுள் ஒன்றில் துண்டை வைத்து, கத்தியும் முள்கரண்டியும் இருபுறம் வைக்கிறோம். முதுகு நிமிர்ந்து, தாடையைச் சற்றே தாழ்த்தி, ஒவ்வொரு வாயையும் இருமுறை விழுங்கி அவர் உண்கிறார். ஒரு துண்டுக்கு நாற்பது நிமிடம் ஆகிறது. யாரும் ஊட்டுவதில்லை. அந்த நாற்பது நிமிடமும் எங்களில் ஒருவர் எதிரே அமர்ந்திருப்போம். பேச்சுக் கொடுப்பதில்லை, பேசிக்கொண்டே விழுங்கக் கூடாது என்பது சிகிச்சையாளர் விதி. எங்கள் வீட்டில் அவ்வளவு நேரம் அமைதி நிலவுவது அப்போது மட்டுமே. இழந்த ஆறு கிலோவில் நான்கு திரும்ப ஏறிவிட்டது. குழாய்ப் பேச்சு அத்தோடு நின்றது.

இப்போது ஒரே ஒரு வழக்குத்தான் தீராமல் இருக்கிறது. தண்ணீர்த்தட்டில் வைத்துச் சுட்டாலும் ஓரத்தில் ஒரு விரல் அகலம் சிவந்து சற்றே இறுகிவிடுகிறது. அதை வெட்டி நீக்கிவிட்டே பெரியம்மாவுக்குப் பரிமாறுகிறோம். நீக்கிய ஓரங்கள் எங்கள் பங்கு. கீஷில் சுவையான பகுதி அதுதான் என்பது மெட்சில் எல்லோரும் அறிந்த செய்தியாம். தமக்கு உரியதை நாங்கள் தின்கிறோம் என்று அவர் வாரந்தோறும் முறையிடுகிறார். சென்ற ஞாயிறன்று சிகிச்சையாளரையே உணவுக்கு அழைக்கச் சொன்னார். ஓரத்துண்டு ஒன்றைப் பாலேட்டில் ஊறவைத்து அவர் எதிரிலேயே உண்டு காட்டுவாராம். அடுத்த ஞாயிறு வருவதாக அவரும் இசைந்திருக்கிறார். லீக்சுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம்.