ட்ரொம்சோவில் ஐந்து இரவுகள்

நோர்வேயின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால், ஏறத்தாழ 70 பாகை வட அகலக்கோட்டில் ஒரு தீவின் மீது அமைந்த நகரம் ட்ரொம்சோ. 2025 பெப்ரவரியில் முதியோர் பராமரிப்புப் பயிற்சியொன்றுக்காக ஒஸ்லோ சென்றிருந்த நான், அது முடிந்ததும் அங்கு போனேன். போனதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று என் பெரியம்மாவின் மகள். மற்றையது வட துருவ ஒளி.

அக்கா 1993 இல் நோர்வே சென்றவர். அக்காலத்தில் எம்மவர் பலர் செய்தது போலவே, பின்மார்க் பிரதேசத்தின் கரையோரக் கிராமமொன்றில் மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்தார். இப்போது ட்ரொம்சோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பணிபுரிகிறார். நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த நாட்களில் விடுதிச் செலவுக்கும் புத்தகங்களுக்கும் காசு அனுப்பியவர் அவர்தான்.

முதலிரவே வானம் முழுவதும் முகில். அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டத்தால் அங்கு மாரியிலும் துறைமுகம் உறைவதில்லை. ஆனால் அந்தக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றே முகிலையும் பனிமழையையும் கொண்டு வருகிறது. இரண்டாம் இரவு பனி கொட்டியது. மூன்றாம் இரவு பாலத்தைக் கடந்து, 1965 இல் கட்டப்பட்ட ஆர்க்டிக் தேவாலயத்தின் அருகே இரண்டு மணி நேரம் நின்றேன். நகர விளக்குகளின் மஞ்சள் ஒளி முகிலில் பட்டுத் திரும்பியதைத் தவிர வேறொன்றையும் காணவில்லை.

சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றம் பெற்ற துணிக்கைகள் பூமியின் காந்தப்புலத்தினால் துருவப் பக்கங்களுக்கு வழிநடத்தப்படுகின்றன. அவை மேல் வளிமண்டலத்தின் ஒட்சிசன், நைதரசனுடன் மோதும்போது இந்த ஒளி பிறக்கிறது. இது தோன்றுவது 100 கிலோமீற்றருக்கும் மேலே. முகில்களோ பெரும்பாலும் 10 கிலோமீற்றருக்குள் அடங்கிவிடுபவை. ஆகவே முகில் மூடிய இரவிலும் ஒளி மேலே ஆடிக்கொண்டிருக்கக் கூடும். கீழே நிற்கும் எமக்குத்தான் அது தெரிவதில்லை.

நான்காம் நாள் அக்காவுக்கு விடுமுறை. "இஞ்ச நிண்டு பிரயோசனமில்லை. மலைக்கு அங்கால போவம்" என்றார். கடலிலிருந்து வரும் முகில் மலைகளில் தடைப்படுவதால், உள்நாட்டுப் பக்கமாக உள்ள ஷிபொட்ன் பள்ளத்தாக்கில் மழையும் பனியும் குறைவு. காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். பிளாஸ்கில் தேநீரும் ஒரு பெட்டியில் ரொட்டியும் எடுத்துக்கொண்டோம்.

வழியில், "இத்தனை வருசத்தில எத்தனை தரம் பார்த்திருப்பீங்கள் அக்கா?" என்று கேட்டேன்.

"கண்டிருக்கிறன். விடிய வேலைக்குப் போகேக்க தலைக்கு மேல நிக்கும். குளிருக்குக் குனிஞ்சுகொண்டு போறனாங்கள். ஆர் நிமிர்ந்து பார்த்தது?"

துருவ ஒளியை ஆராய்ந்த நோர்வே விஞ்ஞானி கிறிஸ்தியான் பிர்க்லாந்தின் உருவம், 1994 இல் வெளிவந்த 200 குரோணர் தாளில் இருந்தது. அதைச் சொன்னதும் அக்கா சிரித்தார். "அந்தத் தாளை எண்ணி எண்ணி ஊருக்கு அனுப்பினனான். அதில நிக்கிற மனிசன் ஆரெண்டு ஒருநாளும் கேக்கேல்லை." அந்தத் தாள் இப்போது புழக்கத்தில் இல்லை.

ஷிபொட்னிலும் முகில்தான். காரை நிறுத்தி விளக்கை அணைத்தோம். இரவு பதினொரு மணிக்குப் பின் முகில் கொஞ்சம் விலகி, நாலைந்து நட்சத்திரங்கள் தெரிந்தன. அவற்றுக்கிடையே சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று.

"அதுவும் முகில்தான்" என்றேன்.

"இல்லைப் பிள்ளை, வடிவாய்ப் பார். அசையுது."

அசைந்தது. மெல்ல வெளிறிய பச்சையாகி, காற்றில் ஆடும் சேலைத் தலைப்பைப் போல மடிந்து விரிந்தது. கைத்தொலைபேசிப் படத்தில் பச்சை இன்னும் கடுமையாகத் தெரிந்தது. கண்ணுக்கு அவ்வளவு நிறமில்லை. நான் விசிலடிக்கப் போக, அக்கா கையைப் பிடித்தார். தொழிற்சாலையில் கூட வேலை செய்த சாமி இனப் பெண்ணொருத்தி, அந்த ஒளியைப் பார்த்து விசிலடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாளாம்.

அந்தக் கையின் விரல்கள் முழுதாக மடங்குவதில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். குளிர்ந்த மீனை வருடக்கணக்காக வெட்டிய கை. "எப்ப தொடக்கம் இப்பிடி?" என்றேன். "நீ கம்பஸில படிக்கேக்கையே இருந்தது" என்றார், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல். தொலைபேசியில் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் ஒருநாளும் கேட்டதில்லை.

பத்து நிமிடமும் இராது, முகில் மறுபடி மூடிக்கொண்டது. ஐந்தாம் இரவும் முகில். அன்று நாங்கள் வெளியே போகவில்லை. சுடுதண்ணீரில் துணியை நனைத்து அக்காவின் கைகளுக்கு ஒத்தடம் கொடுத்தேன்.

ஊருக்கு வந்து அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். பச்சை வானத்தை அவர் கவனிக்கவில்லை. ஓரத்தில் நின்ற அக்காவையே பார்த்தார். "பிள்ளை மெலிஞ்சு போனாள்" என்றார்.

எமது குடும்பங்களில் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் பெண்கள் எத்தனை பேர்! அடுத்த தடவை அவர்களுடன் பேசும்போது, "அங்கே என்ன வேலை, உடம்புக்கு என்ன செய்யுது?" என்று கேளுங்கள் சகோதரிகளே. "ஒண்டுமில்லை" என்று சொன்னால், இன்னொரு தடவை கேளுங்கள்.