அடுக்களைக்கு அருகே ஓர் அறை

வீடு கட்டுவோர் பூசையறையைப் பற்றிப் பேசுவர். முன்கூடத்தின் அகலத்தைச் சொல்லிப் பெருமை கொள்வர். அடுக்களையில் பதிக்கும் கல்லின் நிறத்துக்காக ஒரு திங்கள்கூட வாதிடுவர். கழிப்பறையைப் பற்றிய பேச்சு வரும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடும். ‘அதற்கென்ன, ஏதாவது ஒரு மூலையில் வைத்துக்கொள்ளலாம்’ என்று கூறி வரைபடத்தை மடித்துவிடுவர். அந்த மூலையின் அருமை, வீட்டில் ஒருவர் முதுமை எய்தும்போதுதான் விளங்கும்.

கிள்ளானில் ஒரு குடும்பத்தாருக்கு அது விளங்கியது. அவர்களுடையது இரண்டு மாடி வரிசை வீடு. சில ஆண்டுகளுக்கு முன் அடுக்களையை விரிவாக்கியபோது, அதன் பின்புறம் இருந்த சிறு கழிப்பறையை இடித்து அந்த இடத்தையும் சேர்த்துக்கொண்டனர். மேல்மாடியில் இரண்டு கழிப்பறைகள் இருக்கின்றனவே என்பது அவர்களுடைய கணக்கு. அப்போது வீட்டுத் தலைவரின் தாயார் பிரிக்பீல்ட்ஸில் மகள் வீட்டில் இருந்தார். 76-ஆம் அகவையில், முழங்கால் நோவுடன் அவர் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தபோது, 16 படிகள் அவருக்கு மலையாகிவிட்டன.

அம்மையார் குறை ஒன்றும் கூறவில்லை. காலையில் தரும் காப்பியில் பாதியைக் கோப்பையிலேயே விட்டுவைத்தார். பொழுது சாய்ந்தபின் தண்ணீரைத் தொடவேயில்லை. மருமகள்தான் முதலில் கவனித்தார்.

“ஏன் அத்தை, தண்ணி குடிக்கவே மாட்டேங்கிறீங்க?”

“தாகமில்லைம்மா.”

சிறுநீர்த் தொற்று ஏற்பட்டு மருத்துவரிடம் சென்றபோதுதான் உண்மை வெளிவந்தது. படியேற அஞ்சியே அவர் தாகத்தை அடக்கி வந்திருக்கிறார். அன்றிரவே மகன் தாளும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு அமர்ந்தார்.

முதல் மறுப்பு அம்மையாரிடமிருந்தே வந்தது. “அடுப்பெரியிற எடத்துக்குப் பக்கத்திலயா தம்பி அதைக் கட்டப் போறே?” என்று அவர் கேட்டார்.

அந்தக் கேள்வியை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட இயலாது. அதன் பின்னால் ஒரு வாழ்க்கை நின்றது. அவர் பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில். கழிப்பிடம் லயத்தை விட்டுத் தொலைவில் இருந்தது; மழையிரவிலும் கையில் விளக்குடன் நடக்கவேண்டும். மணமாகிப் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தபின் இரயில்வே ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த சூழலில் வாழ்ந்தார். அங்கே 1905-ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட ‘நூறு வீடுகள்’ பின்னாளில் இடிக்கப்பட்டு மறைந்தன. ஆயினும் அவ்வட்டாரத்து முதியோர் நெஞ்சில் அவை இன்னும் நிற்கின்றன. அக்காலத்து நகர வீடுகள் பலவற்றில் கழிப்பிடம் என்பது ஒரு வாளிதான். பின்சந்து வழியே தொழிலாளி வந்து அதை எடுத்துச் செல்வார். அண்டை நாடான சிங்கப்பூரில் அம்முறை 1987-ஆம் ஆண்டில்தான் முற்றாக ஒழிந்தது. வாளி இருந்த காலத்தில் நாற்றத்துக்கும் ஈக்கும் நோய்க்கும் எதிராக மக்களிடம் இருந்த காப்பு தூரம் ஒன்றே. ஆகவே அடுப்புக்கும் கழிப்பிடத்துக்கும் இடையே முற்றத்தையோ சந்தையோ வைத்தவர்கள் அறிவுடையோரே.

தூரம் செய்த பணியை இன்று செய்வது சிறிதளவு தண்ணீர். 1775-ஆம் ஆண்டு அலெக்சாண்டர் கம்மிங் என்பவர், வளைந்த குழாயுடன் கூடிய கழிகலத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வளைவில் எப்போதும் நீர் தேங்கி நிற்கும். கழிவு அதைக் கடந்து செல்லும். சாக்கடைக் காற்று அதைக் கடந்து திரும்பி வராது. மகன் இதைத் தாளில் வரைந்து காட்டினார். அம்மையார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் பார்த்தார். “தண்ணியே கதவா நிக்குதா?” என்றார். “ஆமாம்மா” என்றார் மகன். அதற்குமேல் அவர் மறுக்கவில்லை. “வாசல் மட்டும் அடுப்பைப் பார்க்கவேணாம்” என்று ஒரே ஒரு கட்டளை இட்டார்.

பலரைப் போல் அவர்களும் முதலில் மாடிப்படியின் அடிப்பகுதியையே எண்ணினர். வீணாய்க் கிடக்கும் இடம், செலவும் குறைவு. ஆனால் படியின் சரிவு தலையில் இடிக்கும். வெளிச்சுவர் இன்மையால் சாளரமும் வைக்க இயலாது. 1984-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட ஒருசீர்க் கட்டடத் துணைவிதிகள், உட்காரும் கழிகலம் உள்ள அறைக்கு 1.5 மீட்டர் நீளமும் 0.75 மீட்டர் அகலமும் குறைந்த அளவாகக் கூறுகின்றன. காற்றும் ஒளியும் புக 0.2 சதுர மீட்டர் திறப்பும் வேண்டும். இவை நலமுள்ளவர் ஒருவர் புகுந்து வெளிவரும் அளவே. முதியவரைத் தாங்கிப் பிடிக்க இன்னொருவரும் உள்ளே நிற்கவேண்டுமெனில், அகலம் இரு மடங்காக வேண்டும்.

ஆதலால், விரிவாக்கிய அடுக்களையிலிருந்தே இடத்தைத் திருப்பி எடுத்தனர். மருமகள் ஆசையுடன் அமைத்த பாத்திர அலமாரி ஒன்று அதற்காக அகன்றது. பின்சுவரை ஒட்டிய இடமாதலின் சாளரம் வைக்க முடிந்தது. பழைய கழிவுக்குழாயும் அண்மையிலேயே இருந்தது. வாசல் அடுக்களையை நோக்காமல், அம்மையாரின் அறைக்குச் செல்லும் நடைவழியை நோக்கி அமைந்தது. கதவு வெளிப்புறம் திறக்கும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டாலும் உதவிக்கு வருவோரை அது தடுக்காது. தரை வழுக்காத ஓடு. நீர்வடி துளையை நோக்கி மெல்லிய சரிவு. சக்கர நாற்காலி தடையின்றிச் செல்ல வாசற்படி இல்லாத நுழைவு. கைப்பிடி பற்றும் இடத்தில் உறுதியான செங்கற்சுவர். கழிவுநீர் விரைந்து ஓடும்போது வளைவில் நிற்கும் நீரையும் உறிஞ்சிக்கொண்டு போகாதிருக்க, காற்றுக்குழாய் ஒன்றும் கூரைக்கு மேலே உயர்ந்தது.

ஊராட்சி மன்றத்தின் ஒப்புதல் பெற்ற பின்னரே கொத்தனார் கரண்டியை எடுத்தார். அம்மையார் நாற்காலியில் அமர்ந்து நாள்தோறும் வேலையைப் பார்த்தார். கைப்பிடி எந்த உயரத்தில் வேண்டும் என்று கொத்தனார் கேட்டபோது, அவரே எழுந்து சென்று சுவரில் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். அந்த இடத்தில் கொத்தனார் பென்சிலால் கோடிட்டார். வீட்டில் எத்தனையோ அளவுகள் எடுக்கப்பட்டன. அந்த ஒன்றே உரியவரின் கையால் எடுக்கப்பட்டது.

பள்ளி செல்லும் பேத்தி அதற்குப் ‘பவுடர் ரூம்’ என்று பெயர் சூட்டினாள். 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பொய்முடிக்கு மாவுத்தூள் தூவ ஒதுக்கிய சிற்றறையிலிருந்து வந்த பெயர் அது என்று தந்தை விளக்கினார். “எனக்கெதுக்குடி பவுடரு?” என்று பாட்டி சிரித்தார்.

அறை திறந்த அன்று படையலோ விருந்தோ இல்லை. இரவு உணவுக்குப்பின் மருமகள் வழக்கம்போல் அத்தைக்கு ஒரு குவளைத் தண்ணீர் வைத்தார். சற்று நேரம் கழித்து வந்து பார்த்தபோது குவளை காலியாக இருந்தது. “இன்னும் கொஞ்சம் கொண்டாம்மா” என்றார் அம்மையார்.

வீட்டின் அழகை விருந்தினர் வந்து சொல்லலாம். வீட்டு முதியவர் அஞ்சாமல் தண்ணீர் அருந்துகிறாரா என்பதை வீட்டாரே பார்த்துக்கொள்ள வேண்டும். வரைபடத்தை மடிக்குமுன் அந்த மூலையை இன்னொருமுறை பார்ப்பது நன்று.