செய்து காட்டுங்கோ, ஐயா

நெஞ்சு வருத்தத்தோடு வருகிற நம்முடைய வயதானவர்களிடம் "எப்படி இருக்கிறீங்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான். "பரவாயில்லைப் பிள்ளை, சுகமா இருக்கிறன்." அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கியிருப்பார்கள். நான் சுவாச சிகிச்சையாளர் ஆவதற்குப் படிக்கிறேன். கடைசி ஆண்டு ஆஸ்பத்திரிப் பயிற்சியில் முதலில் கற்றது, பதிலை விட்டுவிட்டு அந்த நிறுத்தங்களைக் கவனிப்பது. ஒரு மூச்சில் எத்தனை சொல் வருகிறது? கையை முழங்காலில் ஊன்றி முன்னுக்குக் குனிந்து இருக்கிறாரா? கழுத்துத் தசை ஒவ்வொரு மூச்சுக்கும் எழும்புகிறதா? உதட்டைக் குவித்து ஊதுகிறாரா?

என் பயிற்றுநர் இங்கே, கனடாவின் பிறம்ரனிலேயே வளர்ந்த பஞ்சாபிப் பெண். என்னைக் கட்டிலின் கால்மாட்டில் நிறுத்தி, மொனிற்றருக்கு முன்னால் தான் நின்று திரையை மறைத்துக்கொள்வார். "இவருக்கு உடனே ஏதாவது செய்யவேணுமா, பொறுக்கலாமா? அதைச் சொல்லிவிட்டு எண்ணைப் பார்." எண்ணைப் பார்த்த பிறகு கண் வேறு எதையும் தேடாது என்பது அவர் கட்சி. எனக்கும் இப்போது அதே கட்சிதான்.

இந்த ஊரில் அந்தக் கண் வேகமாகப் பழகவேண்டியிருக்கிறது. பிறம்ரன் சிவிக் ஆஸ்பத்திரி 2007 ஒக்டோபரில் திறந்தபோது பழைய பீல் மெமோரியல் மூடப்பட்டது. அந்த இடத்தில் 2017இல் புதிய நிலையம் வந்தாலும், அது ஆட்களைக் கட்டிலில் வைத்துப் பார்க்கிற முழு ஆஸ்பத்திரியாக வரவில்லை. 2021 கணக்கெடுப்பில் ஊரின் சனத்தொகை ஆறரை இலட்சத்தைத் தாண்டிவிட்டது. 2020 ஜனவரியில் நகரசபையே சுகாதார அவசரநிலை பிரகடனம் செய்தது. கட்டில் கிடைப்பதே பாடு என்னும்போது, நாட்பட்ட நுரையீரல் நோயாளி ஓரளவு தேறியதும் வீட்டுக்குப் போகத்தான் வேண்டும். அவர் அடுத்த மாதம் திரும்பி வராமல் இருப்பாரா என்பது பெரும்பாலும் அவருடைய கைப்பையில் இருக்கிற, மருந்தை மூச்சோடு உள்ளே இழுக்கிற பஃபரைப் பொறுத்தது.

"பஃபர் பாவிக்கிறீங்களோ ஐயா?" "ஓம், ஓம், தவறாமல்." இந்த உரையாடலுக்கு எந்தப் பெறுமதியும் இல்லை என்று எனக்கு விளங்க அதிக நாள் எடுக்கவில்லை. "ஒருக்கால் செய்து காட்டுங்கோ" என்று கேட்கவேண்டும். அப்போதுதான் தெரியும். ஒருவர் மூடியைக் கழற்றாமலே அமத்துவார். ஒருவர் நாக்குக்கு மருந்தடித்துவிட்டு வாயை மூடுவார். கருவியில் வைத்து உறிஞ்சவேண்டிய கப்சூலைத் தண்ணீரோடு விழுங்குகிறவர்களும் உண்டு. இதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. விசிறல் பஃபரை ஆறுதலாக, நீளமாக இழுக்கவேண்டும். தூள் மருந்தைச் சட்டென்று பலமாக இழுக்கவேண்டும். ஒன்றுக்கொன்று நேரெதிரான இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்து, ஆங்கிலத்தில் ஒரு துண்டுப் பிரசுரத்தையும் கையில் வைத்து அனுப்பினால் வேறென்ன நடக்கும்?

விசிறல் பஃபர் 1956இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் முன்னால் பொருத்துகிற நீளக் குழாயான ஏரோசேம்பரை இங்கே ஒன்ராறியோவின் லண்டன் நகரத்து நிறுவனம் ஒன்று உருவாக்கியது. கையும் மூச்சும் ஒரே நேரத்தில் ஒத்துவராதவர்களுக்கு அந்தக் குழாய் பெரிய உதவி, மருந்து தொண்டையில் படிந்து வீணாகாமல் நெஞ்சுக்குப் போகும். ஆனால் எங்கள் ஆட்கள் அதை வாங்கி அலுமாரியில் வைத்துவிடுவார்கள். "அது சின்னப் பிள்ளையளுக்கு எல்லோ?" பயிற்றுநர் இதற்கு வாதம் செய்யமாட்டார். தானே ஒரு குழாயை வாயில் வைத்து இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடித்துக் காட்டுவார். பிறகு குழாய் நோயாளியின் கைக்குப் போகும். ஸ்ரீரொயிட் கலந்த மருந்தென்றால் வாய் கொப்பளிப்பதையும் செய்து காட்டச் சொல்வார். தலையாட்டல் அவரிடம் செல்லாது.

ஸ்பைரோமெற்றி என்கிற ஊதல் சோதனை எனக்குக் கஷ்டமாக இருந்தது, கருவியால் அல்ல. நெஞ்சு முட்ட மூச்சை இழுத்து, ஒரே வீச்சில் முழுவதையும் ஊதித் தள்ளவேண்டும். முதல் நொடியில் வெளிவருகிற காற்று மொத்தத்தில் எழுபது வீதத்துக்குக் குறைவாக இருந்தால், மருந்து கொடுத்த பிறகும் அப்படியே இருந்தால், மூச்சுக் குழாய்கள் ஒடுங்கியிருக்கின்றன. பாதியில் விட்டால் கணக்குப் பிழைக்கும். ஆகவே பக்கத்தில் நின்று கத்தவேண்டும்: "ஊதுங்கோ, ஊதுங்கோ, இன்னும், இன்னும், விடாதேங்கோ!" பெரியவர்கள் முன்னால் சத்தம் போடாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளை நான். எழுபத்தைந்து வயது வாத்தியார் ஒருவரை அப்படி அதட்டியபோது அவர் ஊதி முடித்து, இருமி, "நீர் நல்லா வருவீர்" என்றார். பாராட்டா நக்கலா என்று இன்னும் தெரியாது.

படிவத்தில் புகைபிடித்த ஆண்டுகளைக் கேட்கும் கட்டம் உண்டு. "சிகரெட் குடிச்சனீங்களோ அம்மா?" என்றால் "சீ!" என்று ஒரு பார்வை வரும். அதோடு விட்டுவிடக்கூடாது. வாழ்நாளில் பாதியைப் பனைமட்டையும் ஊமலும் பொச்சும் எரிகிற அடுப்படியில் கழித்த பெண்களுக்குச் சிகரெட் இல்லாமலே இந்த வருத்தம் வரும். விறகுப் புகை காரணம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. அடுப்படிக்குப் புகைபோக்கி இருந்ததா, எத்தனை வயதில் சமைக்கத் தொடங்கினார் என்று நான் கேட்டு ஓரத்தில் எழுதுகிறேன். பயிற்றுநர் தன் பஞ்சாபி அம்மாமாரிடமும் இப்போது அதைக் கேட்கிறார்.

அவசர சிகிச்சையில் கற்கிற பாடம் கையைக் கட்டிக்கொள்வது. விரல் கருவியில் ஒட்சிசன் அளவு 90 என்று நிற்கும், நோயாளியின் மகன் என்னைப் பார்த்து "ஏன் நூறாக்கேல்லை?" என்பார். நியாயமான கோபம். ஆனால் இந்த நோயாளிகள் பலருக்கு 88க்கும் 92க்கும் இடையில் நிறுத்துவதுதான் சிகிச்சை. அளவுக்கு மிஞ்சிய ஒட்சிசன் போனால், நுரையீரலில் காற்றும் இரத்தமும் சந்திக்கிற ஒழுங்கு குலைந்து, காபனீரொட்சைட்டு ஏறி, ஆள் அமைதியாகத் தூங்குவதுபோல மயங்கிவிடலாம். அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் அம்புலன்ஸில் வந்த 405 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. கேட்டுக்கேள்வியில்லாமல் அதிக ஒட்சிசன் கொடுத்த பக்கத்தில் 9 வீதம் பேர் இறந்தார்கள். அளந்து கொடுத்த பக்கத்தில் 4 வீதம்.

காபனீரொட்சைட்டு ஏறி இரத்தம் அமிலமாகத் தொடங்கினால், காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற பைபாப் மாஸ்க். அதைப் பொருத்துவது தனிக் கைவேலை. பிறம்ரனில் தாடியும் தலைப்பாகையுமாக வருகிற சீக்கியப் பெரியவர்கள் நிறைய. மாஸ்க்கின் ஓரம் தாடியில் சரியாக ஒட்டாது, காற்று சீறும். வழிப்பது என்ற பேச்சே கிடையாது. பெரிய அளவு மாஸ்க் தேடுவது, பட்டியைத் தலைப்பாகைக்கு இசைவாக இழுப்பது, கொஞ்சக் கசிவை மெசின் சமாளிக்கும் என்று விட்டுவிடுவது. முதலில் பட்டியைக் கட்டாமல், மாஸ்க்கை அவர் கையாலேயே முகத்தில் பிடிக்கவிடவேண்டும். மூச்சுத் திணறுகிறவரின் முகத்தை மூடுவது எவ்வளவு பெரிய பயம் என்பதை, ஒருதரம் அதைப் போட்டுப் படுத்துப் பார்த்தால்தான் தெரியும். எங்களை எல்லாம் போட்டுப் படுக்கவைத்தார்கள்.

வீட்டு ஒட்சிசன் பயிற்சியில் சாமியறை வந்தது. ஒன்ராறியோ அரசு 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு முழுச் செலவையும், இளையவர்களுக்கு 75 வீதத்தையும் தருகிறது, இரத்தப் பரிசோதனையில் தகுதி காட்டவேண்டும். மெசினை நிறுவி, குழாயை மூக்கில் பொருத்தி, "கிட்ட நெருப்பு இருக்கக்கூடாது" என்றால் எல்லாரும் ஓம் என்பார்கள், சிகரெட்டைத்தான் நினைப்பார்கள். "ஒரு நாளில் எங்கெங்கே போவீங்கள், நடந்து காட்டுங்கோ அம்மா" என்று பின்னால் போனால் குழாயோடு குத்துவிளக்குக்கு முன்னால் போய் நிற்பார், பிறகு சாம்பிராணித் தட்டு, பிறகு காஸ் அடுப்பு. குழாயை நீட்டிப் பிடித்து, பத்தடிக்குள் தீ வராத கோடு ஒன்றை வீட்டுக்குள்ளே போடுவோம். விளக்கை யார் ஏற்றுவது என்பது குடும்ப வழக்கு, அதில் நாங்கள் தலையிடுவதில்லை. ஒரு வீட்டில் மருமகள் மின்விளக்கு வாங்கி வைத்தாராம், அம்மா மூன்று நாள் கதைக்கவில்லையாம்.

இத்தனை கருவிக்கும் மேலாக இந்த நோய்க்குப் பயன் தருவது நடையும் பயிற்சியும்தான். ரொறன்ரோவின் வெஸ்ற் பார்க், 1904இல் ஏழைக் காசநோயாளருக்கான இலவச ஆஸ்பத்திரியாகத் தொடங்கியது, பிறகு சுவாசப் புனர்வாழ்வுக்குப் பெயர்பெற்றது. அங்கே வைத்தியர் றொஜர் கோல்ட்ஸ்ரீன் குழு 1994இல் வெளியிட்ட ஆய்வு, பயிற்சி பெற்றவர்கள் கூடுதல் தூரம் நடப்பதையும் மூச்சிளைப்புக் குறைவதையும் காட்டியது. முதலில் ஆறு நிமிட நடைச் சோதனை. முப்பது மீற்றர் நடைபாதை, நின்று இளைப்பாறலாம், மணிக்கூடு மட்டும் நிற்காது. "எவ்வளவு தூரம் நடப்பீங்கள்?" என்று கேட்டதற்கு "கோயில் மட்டும்" என்ற ஐயா நூறு மீற்றருக்குள் சுவரைப் பிடித்தார். கார் நிற்பாட்டும் இடத்திலிருந்து கோயில் வாசல் மட்டும் என்று அர்த்தமாம்.

அந்த ஐயாவுக்குப் புனர்வாழ்வு வகுப்பில் இடம் கிடைத்திருக்கிறது. கிழமைக்கு இரண்டு தரம், பல கிழமைகள். "நடக்கப் பழக நான் என்ன குழந்தையோ?" என்ற அவரை மனைவி சம்மதிக்க வைத்துவிட்டார். கொண்டுபோய் விடுவதற்கு மகன் இருக்கிறார், ஆனால் களஞ்சியசாலையில் இரவு வேலை முடிந்து காலை ஏழு மணிக்குத்தான் வருவார், ஒன்பது மணி வகுப்புக்கு ஓட்டினால் ஆபத்து. படிவத்தில் பிற்பகல் நேரம் என்று எழுதி, காரணம் என்ற இடத்தில் மகனின் வேலை நேரத்தையும் போட்டிருக்கிறேன்.