உதைக்கும் கார்

பெரிய செலவு செய்து ஒன்றைச் செப்பனிட்ட பிறகும் அது சரியாக இயங்காவிட்டால் வருகிற கோபம், அது பழுதாகிக் கிடந்தபோது வருவதில்லை. பழுதை விதியின் தலையில் போடலாம். செப்பனிட்ட பின் வரும் கோளாறுக்கோ ஒரு மனிதன் வேண்டியிருக்கிறது.

என் நண்பர் ஒருவரிடம் பழைய பெட்ரோல் கார் இருந்தது. அவருடைய தகப்பனார் சிங்கப்பூரிலிருந்து திரும்பியபோது கொண்டு வந்தது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வண்டி. நகரத்துப் பட்டறை ஒன்றில் அந்தக் கியர்ப் பெட்டியைப் பிரித்து, கிளட்ச்சுத் தகடுகளும் ரப்பர் வளையங்களும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். அன்று முதல் வண்டி உதைக்க ஆரம்பித்தது.

அந்த மார்கழியில் திருவாதிரைக்கு உத்தரகோசமங்கை போனோம். மத்தள ஒலிக்கும் மரகதம் தாங்காது என்று சொல்லி, நடராஜரை ஆண்டு முழுவதும் சந்தனத்தில் பொதிந்து வைத்திருக்கும் தலம் அது. அந்த ஊருக்கு நாங்கள் கியருக்குக் கியர் குலுங்கிக்கொண்டு போனோம். பின் இருக்கையில் நண்பரின் வயதான தாயார் ஒவ்வொரு உதைக்கும் “மங்களநாதா!” என்றார். திரும்பியதும் வண்டியை விற்றுவிடுவதென்றும், பட்டறைக்காரர் மேல் வழக்குப் போடுவதென்றும் நண்பர் தீர்மானித்துவிட்டார். தாயார் மட்டும், “அப்பா ஓட்டின வண்டிடா” என்று ஒரே ஒரு முறை சொன்னார்.

இராமநாதபுரத்தில் முதலில் பார்த்த மெக்கானிக், “ஒரு திருகைத் தளர்த்தினால் உதை அடங்கிவிடும்” என்றார். இரண்டாவதாகப் பார்த்தவர், வளைகுடா நாட்டுப் பட்டறைகளில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு வந்த ஒரு பாய். அவர் தலையை ஆட்டினார். “உதை அடங்கும் சார், பெட்டி கருகிப் போகும்.”

அதன் காரணத்தைப் புரிந்துகொள்ளப் பெட்டியின் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 1940-ஆம் வருஷ மாடல் ஓல்ட்ஸ்மொபிலில் ‘ஹைட்ராமாட்டிக்’ என்று கொண்டு வந்தது முதல் இவ்வகைப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் அடிப்படை ஒன்றுதான்: எண்ணெயின் அழுத்தமே கிளட்ச்சுகளைப் பிடிக்கிறது, விடுகிறது. என்ஜின் மூச்சைப் பிடித்து இழுக்கும்போது பிடி பலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகடுகள் வழுக்கித் தேய்ந்து கருகும். என்ஜின் சும்மா நடக்கும்போது அதே பலத்தோடு பிடித்தால் கதவை அறைந்து சாத்தியதுபோல் வண்டி குலுங்கும். ஆகவே, என்ஜின் எவ்வளவு சிரமப்படுகிறது என்ற செய்தி பெட்டிக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சில வண்டிகளில் ஆக்ஸிலேட்டரோடு இணைந்த கம்பி அந்தத் தூது போகிறது. வேறு சில வண்டிகளில் என்ஜினின் உறிஞ்சும் விசையை ஒரு மெல்லிய குழாய் கொண்டுபோகிறது. மெதுவாகப் போகும்போது உறிஞ்சல் அதிகம். முழுக்க மிதித்தால் அநேகமாக இல்லை. குழாய் அறுந்தால் பெட்டிக்கு உறிஞ்சலே தெரியாது. என்ஜின் மலை ஏறுகிறதாக்கும் என்று எண்ணி, அது முழுப் பலத்தோடு பிடிக்கும்.

பாய் கேட்ட முதல் கேள்வி, “எப்ப உதைக்குது?” கோயில் கூட்டத்தில் ஊர்ந்தபோது உதைத்தது, நெடுஞ்சாலையில் அழுத்தி மிதித்தபோது உதைக்கவில்லை. அவர் முகம் மலர்ந்தது. “அப்ப பெட்டி நல்லாத்தான் இருக்கு.”

ஆயினும் அவர் அவசரப்படவில்லை. என்ஜின் ஓடச் சூடான நிலையில், சமதரையில் நிறுத்தி எண்ணெய் மட்டம் பார்த்தார். அந்தப் பெட்டிக்குரிய எண்ணெய்தானா என்று விசாரித்தார். உராய்வு வேறுபட்ட எண்ணெயை ஊற்றினாலும் பிடி முரடாகிவிடுமாம். நின்றபடி ஓடும்போது என்ஜின் வேகம் அதிகமாக இருக்கிறதா, என்ஜினைத் தாங்கும் ரப்பர்கள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்தார். பிறகு குனிந்து என்ஜினுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு ரப்பர்க் குழாயை எடுத்துக் காட்டினார். விரல் நீளம், முழங்கைபோல் வளைந்த இடத்தில் வெடித்திருந்தது. பெட்டியை இறக்கும்போது கழற்றி, பழையதையே திரும்ப மாட்டியிருந்தார்கள். புதுக் குழாய் போட்டதும் கியர் மாறுவதே தெரியவில்லை.

இந்தக் குழாய் போய் முடியும் சிமிழுக்குள் ஒரு மெல்லிய சவ்வு உண்டு என்றும் பாய் சொன்னார். அது கிழிந்தால் பெட்டி எண்ணெயை என்ஜின் உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளைப் புகை வரும். தரையில் ஒரு சொட்டு ஒழுகாமலே எண்ணெய் குறையும். பிற்காலத்துக் கம்ப்யூட்டர் வண்டிகளில் இந்தத் தூதை மின்கம்பிகள் சுமக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குப் பெட்டியைச் செப்பனிட்ட பிறகு புதுப் பிடியை மறுபடி பழக்கிவிட வேண்டும். எந்த வண்டியானாலும், பெட்டியைப் பிரிப்பது கடைசி வேலை. அதைச் சுற்றி யார் கை எங்கெல்லாம் பட்டது என்று பார்ப்பதே முதல் வேலை.

நண்பர் அப்போதும் பட்டறைக்காரரை விடுவதாயில்லை. பாய் கையைத் துடைத்துக்கொண்டே, “பெட்டி வேலையைச் சுத்தமா செஞ்சிருக்காங்க சார். குழாயைப் பார்க்காதது தப்புத்தான். அதை மட்டும் சொல்லுங்க” என்றார்.

குற்றம் விரல் நீளமாக இருக்கையில் கோபமும் அந்த அளவில் இருந்தால் போதும் என்பதை இதைவிட மரியாதையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.